அனுமதிச் சீட்டு யார் கையில்?

2024 ஜூன் 12, விடியற்காலை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பற்றியது. கரும்புகை மளமளவென்று மேல்தளங்களுக்கு ஏறியது. உள்ளே 190க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். சுமார் 50 பேர் மாண்டனர்; அவர்களில் குறைந்தது 45 பேர் இந்தியர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கேரளத்தவர். ஏழு பேர் தமிழ்நாட்டவர். உத்தரப் பிரதேசம், ஆந்திரம், ஒடிசா, பிகார் எனப் பல மாநிலங்களின் பிள்ளைகள் மற்றவர்கள். நெருப்பில் கருகியவர்களைவிடப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம். இரண்டு நாட்கள் கழித்து இந்திய விமானப்படையின் விமானம் ஒன்று அந்த உடல்களைச் சுமந்துகொண்டு கொச்சியில் இறங்கியது.

இரங்கல் செய்திகள் வந்தன. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து தலா இரண்டு லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. காயமுற்றவர்களைக் கவனிப்பதற்காகக் குவைத்துக்குப் புறப்பட்ட கேரள சுகாதார அமைச்சருக்கு ஒன்றிய அரசு பயண அனுமதி மறுத்தது. கட்டடத்தின் உரிமையாளர் யார், எரிவாயு உருளைகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன, அறைகளைப் பிரித்திருந்த தடுப்புகள் எந்தப் பொருளால் ஆனவை என்ற கேள்விகள் சில நாட்கள் பேசப்பட்டன. அவை அவசியமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று எழவே இல்லை. ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் அடைக்கப்பட்டிருப்பது ஆபத்து என்பதை அங்கே வசித்தவர்கள் அறியாமலா இருந்தனர்? அறிந்திருந்தும், 'இங்கே தங்க மாட்டேன், வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்' என்று ஏன் அவர்களால் சொல்ல முடியவில்லை?

சொல்ல முடியாது. அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி தொழிலாளியின் உரிமையாக இல்லை. வேலை கொடுப்பவரின் தயவாக இருக்கிறது. வெளிநாட்டு வேலை பற்றிய நமது விவாதங்களில் ஊதியமும் பேசப்படுகிறது, தங்குமிடமும் பேசப்படுகிறது. அனுமதிச் சீட்டு மட்டும் ஒரு வெறும் காகிதமாக, முகவரும் தூதரகமும் பார்த்துக்கொள்ளும் விவகாரமாக ஒதுக்கப்படுகிறது. உண்மையில் ஊதியம், தங்குமிடம், உயிர்ப் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது அந்தக் காகிதமே.

கஃபாலா என்னும் கயிறு

வளைகுடா நாடுகளில் இன்று ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பான்மையோர் கட்டுமானம், எண்ணெய், போக்குவரத்து, துப்புரவு, வீட்டு வேலை ஆகியவற்றில் உழைப்பவர்கள். அவர்களை அந்த நாடுகளோடு பிணைக்கும் ஏற்பாட்டின் பெயர் கஃபாலா. உள்நாட்டுக்காரர் ஒருவர் அல்லது நிறுவனம் ஒன்று 'கஃபீல்', அதாவது பொறுப்பாளர், ஆகிறது. விசா அவர் பெயரில் வருகிறது. நாட்டில் தங்குவதற்கான இகாமா அவர் பெயரால் வழங்கப்படுகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவரே, ரத்துச் செய்யக்கூடியவரும் அவரே. வேலையை விட்டால் தங்கும் உரிமை போய்விடுகிறது. கஃபீலின் சம்மதமின்றி வேறு வேலைக்குப் போனால் அது குற்றமாகிறது. 'என் ஆள் ஓடிவிட்டான்' என்று அவர் ஒரு புகார் பதிந்தால் போதும்; சவுதியில் அதற்கு ஹுரூப் என்று பெயர். ஊதியப் பாக்கியைக் கேட்டு வெளியேறிய தொழிலாளி அந்த நொடியிலிருந்து கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்படத் தக்கவராகிறார்.

நமது மக்களுக்கு இது புதிய கதை அல்ல. 1834 தொடங்கி மொரீஷியசுக்கும் டிரினிடாடுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்கும் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டு நீங்குவது அன்று உரிமையியல் தகராறாகக் கருதப்படவில்லை. சிறைக்கு அனுப்பும் குற்றமாகவே கருதப்பட்டது. இந்தியாவில் எழுந்த மக்கள் எதிர்ப்பின் விளைவாக 1917இல் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கி உழைப்பாளியைக் கட்டிப்போடும் உத்தி மட்டும் நூறாண்டுகள் கழித்தும் வேறு பெயரில் உயிரோடிருக்கிறது.

மூலதனத்துக்கு இது ஏன் தேவைப்படுகிறது? தொழிலாளி வேலையை விட்டுப் போகக்கூடியவர் என்ற ஒன்றே, எந்தச் சந்தையிலும் கூலியைச் சிறிதளவேனும் உயர்த்தும் சக்தி. அந்த வாய்ப்பை அனுமதிச் சீட்டு பறித்துவிடுகிறது. இதோடு இன்னொரு லாபமும் சேர்கிறது. இருபது வயதில் விமானமேறும் இளைஞரை வளர்த்ததும் படிக்கவைத்ததும் நோய்க்கு மருந்து கொடுத்ததும் பிகாரின், தெலங்கானாவின், கேரளத்தின் குடும்பங்கள். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயோடும் சிறுநீரகக் கோளாறோடும் அவர் திரும்பி வரும்போது பராமரிக்கப்போவதும் அதே குடும்பங்கள். இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு மட்டும் வேறொருவருக்கு. தங்கும் அனுமதி வேலையோடு முடிந்துவிடுவதால் முதுமைக்கு அந்த நாடு பொறுப்பில்லை. உழைப்புச் சக்தியை எடுத்துக்கொண்டு உழைப்பாளியைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது.

சீர்திருத்தங்கள் நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தன. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கான மைதானங்கள் எழுந்தபோது சர்வதேசத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து கொடுத்த நிர்ப்பந்தத்தால், கத்தார் 2020இல் வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் திருத்தியது. 2021 மார்ச்சில் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் நடைமுறைக்கு வந்தது. சவுதி அரேபியா 2021 மார்ச்சில் வேலை மாறும் உரிமையை ஓரளவு தளர்த்தியது. ஆனால் வீட்டுப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்போர் ஆகியோர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நான்கு சுவர்களுக்குள் தனியாக அகப்பட்டுக் கிடக்கும் பெண்ணுக்கும், பாலைவனத்தில் ஒட்டகங்களோடு விடப்பட்டவருக்கும் எது மிகவும் தேவையோ அது அவர்களுக்கே மறுக்கப்பட்டது. குவைத்தோ பின்னோக்கியே நடந்தது. மங்காஃப் தீ நடந்து ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 1 முதல், தனியார் துறையின் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறவும் முதலாளியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. தாயின் இறுதிச் சடங்குக்கு ஊர் திரும்பவும் இனி முதலாளி தலையசைக்க வேண்டும்.

கடன் என்னும் இரண்டாம் கயிறு

கயிற்றின் ஒரு முனை வளைகுடாவில் இருக்கிறது என்றால் மறுமுனை நமது ஊரில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் பெறக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும் மட்டுமே. நடைமுறையில் இதைப்போலப் பல மடங்கு கறக்கப்படுகிறது என்பதைக் கரீம்நகரிலோ சிவானிலோ கோரக்பூரிலோ எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்டறியலாம். நகையை அடகுவைத்தும் நிலத்தை ஈடுகாட்டியும் வட்டிக்குக் கடன் வாங்கியும் கொடுக்கப்படும் பணம் அது. 'ஃப்ரீ விசா' என்று ஒன்று விற்கப்படுகிறது. பெயரில் மட்டுமே அது சுதந்திரமானது. வேலையே இல்லாத ஒரு கஃபீலின் பெயரில் விசா எடுத்து, அதற்கு விலை கொடுத்து, அங்கே போய் வேறெங்கோ வேலை தேடிக்கொண்டு, அந்தக் கஃபீலுக்கு ஆண்டுதோறும் கப்பமும் கட்டும் ஏற்பாடு அது. பிடிபட்டால் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டம் தொழிலாளிக்கே கிடைக்கும்.

கடனோடு போகிறவர் முதல் இரண்டு ஆண்டுகள் கடனுக்காகவே உழைக்கிறார். ஒப்பந்தத்தில் எழுதிய ஊதியம் ஒன்றாகவும் கையில் வரும் ஊதியம் வேறொன்றாகவும் இருந்தாலும் அவர் திரும்பி வர முடியாது. அங்கே அனுமதிச் சீட்டு கட்டிப்போடுகிறது. இங்கே கடன் கட்டிப்போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தொழிலாளி, புகை சூழ்ந்த கட்டடத்திலும் படுத்துறங்கச் சம்மதிக்கிறார்.

இதைத் தடுக்க வேண்டிய சட்டத்தின் நிலை என்ன? பதிவில்லாமல் ஆட்களைத் திரட்டி அனுப்பும் முகவருக்கு 1983 சட்டம் விதிக்கும் அபராதத்தின் உச்ச வரம்பு இரண்டாயிரம் ரூபாய். சிறைத்தண்டனை இரண்டாண்டு வரை உண்டு என்றாலும் அபராதம் ஒரு பயணச் சீட்டின் விலைக்குக்கூட ஈடாகாது. மேலும் இந்தச் சட்டத்தின் அனுமதி நடைமுறை 18 நாடுகளுக்குச் செல்வோருக்கும், அவர்களுள்ளும் முக்கியமாகப் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கும் மட்டுமே உரியது. பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்று கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. அரசின் பாதுகாப்பும் அதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேறிய கம்பி கட்டும் தொழிலாளி கஃபீலிடம் அகப்பட்டுக்கொள்ள மாட்டார் என்று யார் கண்டது? இந்த நடைமுறையையும் தவிர்ப்பதற்காகச் சுற்றுலா விசாவில் ஆட்களை ஏற்றி அனுப்பும் வழக்கம் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 'உதவியாளர்' வேலை என்று நம்பி ரஷ்யா சென்ற இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டு உயிரிழந்த கொடுமையும் இந்த ஓட்டைகளின் வழியேதான் நடந்தது. 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்தது; அதற்குள் மரணங்கள் நிகழத் தொடங்கியிருந்தன.

டாலருக்கு வரவேற்பு, உழைப்பாளிக்கு?

வெளிநாடுகளில் வாழும் தம் மக்கள் அனுப்பும் பணத்தை உலகிலேயே அதிகமாகப் பெறும் நாடு இந்தியா. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024இல் அது சுமார் 129 பில்லியன் டாலர். ஆட்சியாளர்கள் இதை ஒவ்வோர் ஆண்டும் பெருமையோடு அறிவிக்கின்றனர். மறுபுறக் கணக்கு அபூர்வமாகவே அறிவிக்கப்படுகிறது. 2014 முதல் 2019 வரை ஆறு வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 34,000 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததாக 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. நாளொன்றுக்குப் பதினைந்து பேர் என்ற அளவு அது. வேலை செய்யும் வயதிலுள்ளவர்கள், மருத்துவப் பரிசோதனையில் தேறிய பின்னரே விமானமேறியவர்கள், ஏன் இப்படி இறக்கின்றனர் என்பதை ஆராய ஒரு விசாரணைக் குழுவும் அமைக்கப்படவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசு எடுத்த முடிவு ஒன்றை நினைவுபடுத்துவது அவசியம். இந்தியத் தொழிலாளியை இதற்குக் குறைந்த சம்பளத்தில் எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு வேலைக்கும் நமது வெளியுறவு அமைச்சகம் நிர்ணயிக்கும் பரிந்துரை ஊதியம் ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில் இரண்டு சுற்றறிக்கைகளின் வழியாக அதை அரசு 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம் ஆகிய நாடுகளுக்கு அது மாதம் 200 டாலர் என்றாயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15,000 ரூபாய். வேலைகள் பறிபோகாமலிருக்கவே இது என்று காரணம் சொல்லப்பட்டது. அதே காலத்தில்தான் கத்தார் தன் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை 1,000 ரியால், அதாவது சுமார் 275 டாலர் என்று நிர்ணயித்து, தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தனிப்படியும் சேர்த்தது. கத்தார் முதலாளி சட்டப்படி கொடுத்தாக வேண்டிய தொகையைவிடக் குறைவான தொகையைத் தன் குடிமக்களுக்கு இந்திய அரசு போதுமெனச் சொன்னது! தெலங்கானாவின் வளைகுடாத் தொழிலாளர் அமைப்புகள் உயர்நீதிமன்றம் சென்றன. பரவலான எதிர்ப்பும் எழுந்தது. 2021 ஜூலையில் அந்தச் சுற்றறிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் இடைப்பட்ட பத்து மாதங்களில் அந்தக் குறைந்த ஊதியத்துக்குக் கையெழுத்திட்டவர்களின் இழப்பு இழப்பாகவே நின்றது. ஒரு சுற்றறிக்கையால் பாதியாக்கிவிடக்கூடிய ஒன்றை ஊதியப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

அனுமதிச் சீட்டு ஆயுதமாகும்போது

2023 அக்டோபர் 7க்கு முன்பு மேற்குக் கரையிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும், காசாவிலிருந்து சுமார் 18,500 பேரும் அனுமதிச் சீட்டோடு இஸ்ரேலுக்குள் சென்று வேலை செய்துவந்தனர். இஸ்ரேலின் கட்டடங்களைக் கட்டியதில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்த நாளுக்குப் பின் ஒரே ஆணையில் அவர்களின் அனுமதிகள் ரத்தாயின. காசாவிலிருந்து வந்திருந்தவர்கள் அன்றுவரை சட்டப்படி உழைத்த நாட்டில் மறுநாளே கைதிகள் ஆயினர். மேற்குக் கரையில் லட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது.

அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் மோடி அரசு முன்வந்தது. 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்புவதற்கான உடன்பாடு 2023 மே மாதத்திலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தது; போர் தொடங்கிய பின் அது வேகம் பெற்றது. ஹரியானா அரசின் நிறுவனமே 10,000 கட்டுமானப் பணியிடங்களுக்கு விளம்பரம் செய்தது. 2024 ஜனவரியின் கடுங்குளிரில் ரோத்தக்கிலும் பின்னர் லக்னோவிலும் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். மாதம் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் ஊதியம் என்ற சொல் அவர்களை இழுத்து வந்தது; உள்ளூரில் வேலையில்லை என்ற நிலை பின்னாலிருந்து தள்ளியது. அவர்களைக் குறைகூற எதுவுமில்லை. ஆனால் போர் நடக்கும் நாட்டுக்கு, நிலம் பறிக்கப்பட்ட ஒரு மக்களின் வேலையையும் பறிக்கும் நடவடிக்கைக்கு, தன் குடிமக்களை அரசே ஆள்திரட்டி அனுப்புவதை எப்படி ஏற்க முடியும்? மத்தியத் தொழிற்சங்கங்கள் இதைக் கண்டித்தன. இஸ்ரேல் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை என்பதால், குடிபெயர்வுச் சட்டத்தின் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லாமற்போனது. 2024 மார்ச்சில் வட இஸ்ரேலில் ஏவுகணை தாக்கி உயிரிழந்தவர் பண்ணையில் வேலை செய்த ஒரு கேரளத் தொழிலாளி.

இஸ்ரேலின் உச்சநீதிமன்றமே 2006இல் அளித்த தீர்ப்பொன்றில், வெளிநாட்டுத் தொழிலாளியின் அனுமதியை ஒரே முதலாளியோடு பிணைப்பது நவீன அடிமைத்தனத்துக்கு ஒப்பானது என்று சாடியிருந்தது. அந்த நாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்கு அது. அத்தகைய பிணைப்புகள் பற்றி நமது அரசு அந்த நாட்டோடு என்ன பேசியது? நேற்றுவரை பாலஸ்தீனத் தொழிலாளியிடம் இருந்த சீட்டு இன்று இந்தியத் தொழிலாளியிடம் இருக்கிறது. நேற்று ஒரே ஆணையில் அதைப் பறித்தவர்கள், நாளை இவரிடமிருந்தும் அதேபோல் பறிக்க முடியும். பாலஸ்தீனத் தொழிலாளியின் உரிமைக்காகக் குரல் கொடுப்பது இந்தியத் தொழிலாளியின் சொந்தப் பாதுகாப்போடும் பிணைந்திருப்பது இதனால்தான்.

கணினி முன்னால் இருப்பவரும் தப்பவில்லை

இது படிக்காத ஏழைகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ணும் நடுத்தர வர்க்க நண்பர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். எச்-1பி விசாவும் முதலாளியின் பெயரால் வழங்கப்படும் அனுமதிதான். அதைப் பெறுவோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். வேலை போனால் அறுபது நாட்களுக்குள் வேறொரு முதலாளி கிடைக்க வேண்டும்; இல்லையேல் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுப் புறப்பட வேண்டும். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுக்கான வரிசையில் இந்தியர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றனர். அதுவரை ஊதிய உயர்வு கேட்கவும், அவமதிப்பை எதிர்க்கவும், சங்கம் சேரவும் அவர்கள் இருமுறை யோசிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் டிரம்ப் ஒரு கையெழுத்தில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் 104 இந்தியர்கள் கைவிலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்டனர். 'நண்பர்' டிரம்பிடம் நமது பிரதமர் கண்டனம் ஒன்றும் எழுப்பவில்லை. ஊதியத்தில் மலையளவு வேறுபாடு இருந்தாலும், ரியாத்தின் கம்பி கட்டுபவரையும் டெக்சாஸின் மென்பொருள் பொறியாளரையும் கட்டியிருக்கும் கயிறு ஒரே ஆலையில் திரிக்கப்பட்டது.

புதிய மசோதா: பெயரிலேயே புலப்படும் நோக்கம்

1983 சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் தேவை என்று தொழிலாளர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கோரிவருகின்றன. 2019இலும் 2021இலும் வரைவுகள் வந்து கிடப்பில் போயின. 2025 அக்டோபரில் மூன்றாவது வரைவு வெளியிடப்பட்டது. அயல்நாட்டு இடப்பெயர்வு (வசதிப்படுத்தல் மற்றும் நலன்) மசோதா என்று அதற்குப் பெயர். குடிபெயர்வோர் என்ற மனிதர்கள் பெயரிலிருந்தே மறைந்துவிட்டனர். இடப்பெயர்வு என்ற நிகழ்வு மட்டும் இருக்கிறது. வசதிப்படுத்தல் முதலில், நலன் பிறகு. உரிமை என்ற சொல்லுக்கு இடமில்லை.

இது தற்செயலன்று. ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி, தைவான் எனப் பல நாடுகளோடு வேகவேகமாக இடப்பெயர்வு உடன்பாடுகள் கையெழுத்தாகின்றன. 2024இல் ஜெர்மனி இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தியபோது அது ராஜதந்திர வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. உள்நாட்டில் வேலைவாய்ப்பை உருவாக்கத் தவறிய அரசு, வேலையின்மையை ஏற்றுமதி செய்து டாலரை இறக்குமதி செய்யும் வழியைக் கண்டுகொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியதன் மூலம், 1979இன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் உள்ளிட்டவற்றைக் கரைத்துவிட்ட அதே அரசு இது. சொந்த நாட்டில் சூரத்துக்கும் திருப்பூருக்கும் செல்லும் தொழிலாளியின் உரிமையை வெட்டிய கை, குவைத்துக்குச் செல்பவரின் உரிமையை நீட்டித் தரும் என்று நம்ப இடமில்லை. போராடித்தான் பெற வேண்டும்.

'நாம் கெடுபிடி செய்தால் வேலை போய்விடாதா?'

இந்தக் கேள்வியை ஆட்சியாளர்கள் மட்டும் கேட்பதில்லை. வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் இளைஞரும் கேட்கிறார். நாம் ஊதியத்தை உயர்த்தினால் வங்கதேசத்தவரை, நேபாளியை, பாகிஸ்தானியை எடுத்துக்கொள்வார்களே என்ற அச்சம் பொய்யல்ல. அதை ஒதுக்கித் தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, நிபந்தனை விதித்தால் வேலை போய்விடும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை. 2018இல் குவைத்தில் பிலிப்பைன்ஸ் பெண் தொழிலாளி ஒருவரின் உடல் குளிர்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டபோது, அந்நாடு குவைத்துக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திவைத்தது. மூன்றே மாதங்களில் குவைத் உடன்பாட்டுக்கு வந்தது; கடவுச்சீட்டைப் பறிக்கக் கூடாது, வார விடுமுறை வேண்டும் என்ற விதிகள் எழுத்தில் வந்தன. அந்த விதிகள் முழுமையாக அமலாகவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தியாவைவிடச் சிறிய நாடொன்றால் இவ்வளவு முடியும் என்றால், தொண்ணூறு லட்சம் பேரை அங்கே வைத்திருக்கும் இந்தியாவின் பேரம் பேசும் வலிமை எவ்வளவு? அவர்கள் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டால் வளைகுடாவின் எந்த நகரமும் இயங்காது.

இரண்டாவதாக, போட்டிக்கு மருந்து கூட்டுப் பேரம்தான். 2003இல் தொடங்கிய கொழும்புச் செயல்முறை என்ற அமைப்பில் தொழிலாளர்களை அனுப்பும் ஆசிய நாடுகள் ஒன்றாக இருக்கின்றன. 2024இல் அதன் தலைமைப் பொறுப்பை இந்தியா ஏற்றது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் ஆகியவை இந்த ஊதியத்துக்குக் கீழே எவரையும் அனுப்ப மாட்டோம், கஃபீலின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமை இல்லாத இடத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சேர்ந்து சொன்னால், வளைகுடா முதலாளிகள் எங்கே போவார்கள்? அண்டை நாட்டு ஏழையைப் பகையாளியாகக் காட்டி வாக்குச் சேகரிக்கும், வங்கமொழி பேசும் நமது தொழிலாளர்களையே அந்நியர் என்று பிடித்து அடைக்கும் அரசியல், அந்த அண்டை நாட்டோடு தோள் சேர்ந்து பேரம் பேசும் நாளை நெருங்கவிடாது. வகுப்புவாதம் தொழிலாளியின் ஊதியத்தில் கைவைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

மாற்று வழி நமது நாட்டிலேயே உண்டு. 1996இல் வெளிநாடுவாழ் கேரளீயர்களுக்கென்று நோர்க்கா என்ற துறையைத் தொடங்கியது கேரளம். திரும்பி வந்தவர்களுக்கும் ஓய்வூதியம் தரும் நல நிதிச் சட்டத்தை 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்தது. 2018இல் லோக கேரள சபையைக் கூட்டி, புலம்பெயர்ந்தோரின் குரலை அரசின் கொள்கையோடு இணைக்க முயன்றது. வெளியுறவு அதிகாரம் இல்லாத ஒரு மாநிலம், வரையறுக்கப்பட்ட நிதியோடு செய்தது இது. இன்று மிக அதிகமாகத் தொழிலாளர்களை வளைகுடாவுக்கு அனுப்பும் உத்தரப் பிரதேசமும் பிகாரும் இதில் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன என்பதை அந்த மாநில மக்களே கேட்க வேண்டும்.

கோரிக்கைகள்

புதிய சட்டம் எதுவாயினும் அது உரிமைச் சட்டமாக அமைய, சில அடிப்படைகள் அவசியம்.

முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமை, வேலை இழந்தபின் புதிய வேலை தேடக் கால அவகாசம், ஊதியம் கேட்டு வெளியேறியவரைக் குற்றவாளியாக்காமை ஆகியவை இந்தியா கையெழுத்திடும் ஒவ்வொரு தொழிலாளர் உடன்பாட்டிலும் இடம்பெற வேண்டும்.

ஆள்திரட்டும் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை இதைத்தான் சொல்கிறது.

பரிந்துரை ஊதியம் சட்டப்படியானதாக வேண்டும். ஆண்டுதோறும் தொழிற்சங்கங்களும் மாநில அரசுகளும் அமர்ந்து அதைத் திருத்த வேண்டும். சுற்றறிக்கையால் குறைக்க இயலாததாக அது இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு என்றும் பதினெட்டு நாடுகள் என்றும் பாகுபடுத்தாமல் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் அனைவருக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். போர் நடக்கும் பகுதிக்கு அரசே ஆள்திரட்டி அனுப்புவதைச் சட்டம் தடைசெய்ய வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்டவர் இங்கிருந்தே ஊதியப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் ஏற்பாடும், தூதரகங்களில் சட்ட உதவியும், திரும்பியவர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் உறுதி செய்யப்பட வேண்டும். விபத்து மரணத்துக்குப் பத்து லட்சம் தரும் காப்பீட்டுக்குத் தொழிலாளியே பிரீமியம் கட்டுவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

புலம்பெயர் தொழிலாளர் மற்றும் அவர்தம் குடும்பத்தினரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1990இல் நிறைவேறியது. இலங்கையும் வங்கதேசமும் பிலிப்பைன்ஸும் அதை ஏற்று உறுதிசெய்துள்ளன. இந்தியா இன்னும் உறுதிசெய்யவில்லை. இனியும் தாமதிக்க நியாயமில்லை.

இவற்றுள் எதுவும் அரசின் மனமாற்றத்தால் வரப்போவதில்லை. அமீரகத்திலும் சவுதியிலும் சங்கம் அமைக்க வழியில்லாதபோது, அமைப்பாவதற்கான களம் புறப்படும் ஊராகவும் திரும்பும் ஊராகவும்தான் இருக்க முடியும். முகவரின் அலுவலகத்தில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு தொழிலாளி சங்க அலுவலகத்துக்கு வந்து ஒப்பந்தத்தைக் காட்டும் நிலையை நாம் உருவாக்க வேண்டும். கைவிரித்துத் திரும்பி வந்தவரின் ஊதியப் பாக்கிக் கணக்கை எழுதிவைத்து வழக்காக்க வேண்டும். மங்காஃபில் மாண்டவர்களின் பெயர்கள் அஞ்சலிப் பலகைகளில் இருக்கின்றன. அடுத்த கட்டடத்தில் உறங்கிக்கொண்டிருப்பவர், 'இங்கே இருக்க மாட்டேன்' என்று சொல்லி எழுந்து வெளியே நடக்கும் உரிமையைப் பெறும்வரை நமது வேலை முடியவில்லை.